நின்ற வண்டியைக் கிளப்பும் அதிகாரம்

இயந்திரங்களின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் அவை ஓடியதைத்தான் எழுதியிருக்கிறார்கள். எத்தனை குதிரைசக்தி, மணிக்கு எத்தனை மைல், எந்த ஆண்டில் எந்த ஊருக்கு முதல் வண்டி வந்தது என்பதாகவே அந்த வரலாறு நம் பாடப்புத்தகங்களுக்கு வந்து சேர்ந்தது. இயந்திரம் நின்ற கதை, அதிலும் தானாகவே நின்றுகொள்ள அது பழக்கப்பட்ட கதை, விபத்து விசாரணை அறிக்கைகளுக்கும் மெக்கானிக் ஷெட் பேச்சுக்கும் உரியதாக ஒதுக்கப்பட்டுவிட்டது. மோதலின்போது காரின் எரிபொருளைத் துண்டித்து எஞ்சினை நிறுத்தும் ஒரு சிறு கருவியை முன்வைத்து அந்தக் கதையில் ஒரு பகுதியை இங்கே சொல்லிப் பார்க்கிறேன். என் வாதம் சுருக்கமானது. நிறுத்துவதைப் பற்றிய பேச்சு எப்போதும் பாதுகாப்பைப் பற்றிய பேச்சாகவே வருகிறது. நின்றதை மறுபடி கிளப்புவது யார் கையில் இருக்கிறது என்று கேட்டால்தான் அதற்குள் இருக்கும் அதிகாரம் வெளியே தெரிகிறது.

இப்படி யோசிக்க எனக்கு உதவியது ஐயங்கார்குளம் ஏரி. காஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் வரும் ஊர் இது. பதினாறாம் நூற்றாண்டில் லக்ஷ்மிகுமார தாதாச்சாரியார் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் ஏரி, அதனால் தாதசமுத்திரம் என்று ஒரு பெயர், சஞ்சீவிராயர் கோயில், சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் எழுந்தருளும் நடவாவிக் கிணறு. பக்திப் பத்திரிகைகள் இதோடு நிறுத்திக்கொள்ளும். நான் பார்க்கச் சொல்வது ஏரியின் தொழில்நுட்பத்தை. தொண்டைமண்டலத்து ஏரிகளில் தண்ணீர் வெளியேற இரண்டு வழி உண்டு. ஒன்று கலங்கல். மட்டத்துக்கு மேல் ஏறிய தண்ணீர் யாருடைய உத்தரவையும் கேட்காமல் அதன் மேலாக வழிந்துபோகும். ஊரே தூங்கினாலும் அது தன் வேலையைச் செய்யும், கரை நிற்கும். இன்னொன்று மதகு. அதைத் திறக்க ஆள் வேணும், மூடவும் ஆள் வேணும்.

கலங்கலைத் தானியங்கி என்றும் மதகை மனிதக் கை என்றும் பிரித்து வைத்துவிட்டால் வேலை முடிந்ததாகத் தோன்றும். அப்படி இல்லை. கலங்கல் மேல் ஒரு வரிசைக் கல்லை ஏற்றி வைத்தால் ஏரிக்குள் ஒட்டியிருக்கும் நிலம் முழுகும், கீழ் ஏரிக்கு வரவேண்டிய தண்ணீர் வராது. இதற்காக ஊருக்கும் ஊருக்கும் வெட்டு குத்து நடந்திருக்கிறது. ஆக, தண்ணீர் 'தானாக' வழிகிறது என்று நாம் சொல்வது, எந்த மட்டத்தில் வழிய வேண்டும் என்று யாரோ எப்போதோ எடுத்துவிட்ட ஒரு முடிவைத்தான். முடிவெடுத்தவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறார், கல் மட்டும் நிற்கிறது. தானியங்கிக் கருவி எதைப் பற்றி யோசித்தாலும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மதகின் பக்கமும் அவ்வளவு கள்ளமற்றதல்ல. இதே வட்டாரத்தின் உத்திரமேரூரில் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரிவாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைதோறும் சொல்லப்படும் அந்தக் குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் சொந்த மனையில் வீடு, இறை கட்டும் நிலம், வேதப் பயிற்சி, 35க்கு மேல் 70க்குள் வயது எல்லாம் வேண்டும். தண்ணீரில் முங்கி மடையைத் திறக்கும் ஆளின் பெயர் அந்தப் பானைக்குள் விழ வழியில்லை. பிற்காலத்து நீர்க்கட்டி பல ஊர்களில் சேரியிலிருந்து வந்தவர். எப்போது திறப்பது என்று சொல்லும் வாய் வேறு, திறக்கும் கை வேறு. பழைய ஏரியை இழந்த பொற்காலமாகப் பேசுவதற்காக அல்ல, இந்தப் பிரிவினையைக் காட்டுவதற்காகத்தான் இங்கே அதைக் கொண்டுவந்தேன்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். 1803இல் லண்டனை ஒட்டிய கிரீனிச்சில் ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் உயர் அழுத்த நீராவிக் கொதிகலன் ஒன்று வெடித்தது. நான்கு பேர் செத்தார்கள். கொதிகலனைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்தது ஒரு பையனை. அவன் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு விலாங்கு மீன் பிடிக்கப் போயிருந்தான் என்பது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அதன் பிறகு ட்ரெவிதிக் கொதிகலனில் ஓர் ஈய அடைப்பைப் பொருத்தினார். தண்ணீர் குறைந்து சூடேறினால் ஈயம் உருகும், நீராவி பாய்ந்து அடுப்பை அணைக்கும். நல்ல ஏற்பாடு, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் இந்தக் கதையாடலில் குற்றவாளி யார் என்பதைக் கவனியுங்கள். விலாங்கு பிடிக்கப் போன பையன்! உயர் அழுத்தக் கொதிகலன் முன்னால் கூலி குறைந்த ஒரு சிறுவனை நிறுத்தியது யார் என்ற கேள்வியும் ஈயத்தோடு சேர்ந்து உருகிப் போனது. பாதுகாப்புக் கருவி தொழிலாளியின் கவனமின்மைக்குப் பதிலாக வந்த பொருள் என்ற கதை அங்கிருந்து தொடங்குகிறது.

அடுத்த கண்ணி தறியில் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்காரர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். கைத்தறியில் இழை அறுந்தால் நெசவாளியின் கண் பார்க்கும், கை நிற்கும், முடிச்சுப் போட்டபின் மறுபடி ஓடும். நிறுத்துவதும் கிளப்புவதும் ஒரே உடலுக்குள் இருக்கிறது. 1924இல் ஜப்பானின் சாகிச்சி டொயோடா நிறைவாக்கிய தானியங்கித் தறி, இழை அறுந்தால் தானே நின்றுகொண்டது. தறி தன்னைத் தானே கண்காணித்துக்கொள்ளத் தொடங்கியதும் ஓர் ஆளைப் பல தறிகளுக்குப் பொறுப்பாக்க முடிந்தது. அதாவது, விடுதலை பெற்ற கண்ணுக்கு ஓய்வு கிடைக்கவில்லை, வேறு தறிகள் கிடைத்தன. 1929இல் இந்தத் தறியின் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் 1,00,000 பவுனுக்கு வாங்க ஒப்பந்தமானது. அந்தக் குடும்பம் மோட்டார் வாகனத்துக்குள் இறங்கி, 1937இல் டொயோட்டா மோட்டார் கம்பெனி உருவானது. கார்த் தொழிலின் ஒரு பெரும் கிளை, அறுந்த நூலைக் கண்டு நிற்கும் தறியிலிருந்து முளைத்திருக்கிறது என்பது தற்செயல் தகவல் அல்ல. தவறு தெரிந்ததும் நிறுத்து என்ற கொள்கை அவர்களுடைய கார் ஆலைகளிலும் தொடர்ந்தது. அங்கே அசெம்பிளி லைனில் நிற்கும் தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்துக் குறையைச் சொல்லலாம், சரியாகாவிட்டால் லைன் நிற்கும். மறுபடி அது எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதைச் சொல்ல அவர் கையில் கயிறு கிடையாது.

காருக்குள் பெட்ரோல் எப்படி நின்றது? அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் ஏற்றிய பம்பு எஞ்சினாலேயே ஓடியது. எஞ்சின் நின்றால் பம்பு நிற்கும். தனியாக ஒரு கருவி தேவைப்படவில்லை. மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் காக்கைத் திருப்பி மூடுவோம். லாரி டிரைவர் ஸ்டாப் கம்பியை இழுத்து டீசலை நிறுத்துவார். விபத்து நடந்தால் ஓடி வருகிறவர்கள் முதலில் போடும் கூச்சல் 'பேட்டரி வயரைக் கழட்டுப்பா' என்பதுதான். எரிபொருளை அழுத்தத்தோடு பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை வந்தபோது பெட்ரோல் டேங்கியில் மின்சாரப் பம்பு வைத்தார்கள். அதற்கு எஞ்சினின் தயவு வேண்டியதில்லை. வண்டி நொறுங்கிக் கிடந்தாலும், குழாய் அறுந்திருந்தாலும், சாவி போட்டபடி இருந்தால் பம்பு பெட்ரோலை இறைத்துக்கொண்டே இருக்கலாம். எஞ்சின் சுற்றுவது நின்றால் பம்பின் மின்சாரத்தையும் துண்டிக்கும் ரிலே இதற்கு முதல் பதில். மோதலையே நேராக உணர்ந்து துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் இரண்டாவது பதில்.

அந்தப் பதில்களுக்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 1973இல் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியின் பொறியாளர்கள் ஒரு குறிப்புத் தயாரித்தார்கள். கார் உருண்டு கவிழும்போது பெட்ரோல் கசியாமலிருக்க வேண்டும் என்று அரசு கொண்டுவர நினைத்த விதியை எதிர்ப்பதற்கான வாதம் அது. வண்டிக்கு 11 டாலர் செலவு. ஒரு கோடியே பத்து லட்சம் கார், பதினைந்து லட்சம் சிறு லாரி என்று பெருக்கினால் சுமார் 13 கோடியே 70 லட்சம் டாலர். மறுபக்கத்தில் 180 சாவு, 180 தீக்காயம், எரிந்துபோகும் 2,100 வண்டி. சாவுக்கு 2,00,000 டாலர், காயத்துக்கு 67,000 டாலர், வண்டிக்கு 700 டாலர். கூட்டினால் 4 கோடியே 95 லட்சம்தான். ஆகவே செய்ய வேண்டியதில்லை! 1977இல் பின்டோ கார் பற்றிய கட்டுரை ஒன்று இந்தக் குறிப்பை அம்பலமாக்கியது. பின்டோவின் பின்பக்க டேங்கியைப் பற்றியதே இந்தக் கணக்கு என்று பலரும் இன்றும் எழுதுகிறார்கள். உண்மையில் அது எல்லா நிறுவனங்களின் வண்டிகளும் உருள்வதைப் பற்றிய கணக்கு. அதோடு, மனித உயிருக்கு அந்த விலையைப் போட்டது ஃபோர்டு அல்ல, அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு நிறுவனம். இந்தத் திருத்தங்களைச் சொல்வது கம்பெனியைக் காப்பாற்ற அல்ல. ஒரு கெட்ட கம்பெனியின் கெட்ட காரியமாக இதைச் சுருக்கிவிட்டால், உயிரையும் வால்வையும் ஒரே தராசில் வைப்பது அரசும் மூலதனமும் பேசிக்கொள்ளும் பொது மொழியாக இருந்தது என்பது மறைந்துவிடுகிறது.

அதே சமயத்தில் அமெரிக்காவில் இன்னொன்று நடந்தது. 1974ஆம் ஆண்டு மாடல் கார்களில், முன்சீட்டில் இருப்பவர்கள் பெல்ட் போடாவிட்டால் எஞ்சின் கிளம்பாது என்ற ஏற்பாடு வந்தது. சீட்டில் வைத்த காய்கறிப் பையை ஆள் என்று நினைத்துக்கொண்டு அடம் பிடித்த கார்களும் உண்டு. கார் வைத்திருந்த மத்தியதர வர்க்கம் கொதித்தெழுந்தது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டு அதை நீக்கியது. பொருட்கள் நம் ஒழுக்கத்தைச் சுமக்கின்றன என்று பேசிய புருனோ லத்தூர் சீட் பெல்ட்டையே உதாரணமாக எடுத்துக்கொண்டவர். அவர் விரித்துப் பேசாத ஒன்றை நான் சேர்க்க விரும்புகிறேன். கருவி யாருடைய ஒழுக்கத்தைத் திருத்த வருகிறதோ அவர்களுக்கு வாக்குச்சீட்டும் குரலும் இருந்தால் கருவி பின்வாங்குகிறது. இல்லாதவர்களிடம் அது திரும்பி வருகிறது, வேறு பெயரில். அதைப் பின்னால் பார்ப்போம்.

1999இல் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை திறந்து இக்கான் காரைத் தயாரித்தது. அது போன்ற ஃபோர்டு வண்டிகளில் காலடிப் பக்கத்தில் இனர்ஷியா சுவிட்ச் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது? கிண்ணம் போன்ற ஒரு கூம்பு, அடியில் காந்தம், அதன்மேல் ஓர் இரும்புக் குண்டு. சாதாரணக் குலுக்கலில் குண்டைக் காந்தம் விடாது. மோதலின் அதிர்வு ஓர் அளவைத் தாண்டினால் குண்டு காந்தத்தை உதறிக்கொண்டு கூம்பின் சரிவில் ஏறி மேலே உள்ள தகட்டை இடிக்கும். தொடர்பு அறும், பம்பு நிற்கும், ஒரு பொத்தான் மேலே எழும்பும். குண்டு எந்த அடியில் எழும்ப வேண்டும் என்பதை முன்பே தீர்மானித்திருக்கிறார்கள். கலங்கல் கல்லைப் போலவேதான். அந்த அளவு போடப்பட்டது எந்த நாட்டு ரோட்டுக்கு என்பது நம் பள்ளங்களில் இறங்கியபோது தெரிந்தது. மோதல் எதுவுமே இல்லாமல் பெரிய பள்ளத்தில் 'தடால்' என்று விழுந்து வண்டி நின்றுபோன கதைகள் நம் ஷெட்டுகளில் ஏராளம். 'இன்னாங்க, செல்ப் எடுக்குது, ஆனா ஸ்டார்ட் ஆவலை' என்று தள்ளிக்கொண்டு வருவார்கள். விஷயம் தெரிந்த மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்காமல் காலடியில் கைவிட்டு அமுக்குவார். 'அவ்ளோதான் சார், போங்க.'

எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பொத்தானை அமுக்குவதற்கான முறை. சாவியை அணை. இறங்கிப் பார், பெட்ரோல் கசிகிறதா. மோந்து பார். ஒன்றுமில்லையானால் பொத்தானை அமுக்கு. சாவியைப் போட்டுச் சற்றுப் பொறுத்து, மறுபடியும் இறங்கிப் பார். வண்டியோடு வரும் கையேடு சொல்வதன் சாரம் இதுதான். இதற்குள் ஒரு மனித உருவம் இருக்கிறது. அடிபட்ட கணத்தில் மனிதனை நம்ப முடியாது, மயங்கிக் கிடக்கலாம், ஆகவே குண்டு நிறுத்திவிடுகிறது. ஆனால் நினைவு திரும்பிய மனிதனை அது நம்புகிறது. கண்ணும் மூக்கும் விரலும் உள்ள ஓர் ஆள் நிலைமையைத் தீர்மானிப்பார் என்று முடிவை அவரிடமே திருப்பிக் கொடுக்கிறது. நிறுத்த அவருடைய சம்மதம் வேண்டாம், கிளப்ப வேண்டும். தொழில்நுட்பத்துக்குள் இவ்வளவு கண்ணியமான ஏற்பாடு அபூர்வம் என்றே நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்து விவசாயி 'ரீசெட்' என்ற சொல்லைக் காரிலிருந்து கற்கவில்லை. கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து கற்றார். மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் ஓவர்லோட் ரிலே விழும், ஆறவிட்டு ரீசெட் பண்ணிவிட்டுப் போடுவார். கரண்ட் போனால் நோ-வோல்ட் காயில் விட்டுவிடும், கரண்ட் திரும்பினாலும் யாராவது பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் ஓடும். பெல்ட்டுப் பக்கத்தில் யாரும் கை வைத்திருக்கக்கூடாதே என்ற அக்கறை அதில் இருந்தது. ஆனால் மும்முனை மின்சாரம் முறைவைத்து நடு ராத்திரியில் வந்த ஆண்டுகளில் இந்த அக்கறையின் அர்த்தம் மாறியது. பாம்பு நடமாடும் வரப்பில் இரண்டு மணிக்கு ஓர் உடல் எழுந்து போக வேண்டும் என்றாகிவிட்டது. ஆகவே பச்சைப் பொத்தானில் குச்சியைச் செருகி வைத்தார்கள். பிறகு 'ஆட்டோ' சுவிட்ச் வாங்கி மாட்டினார்கள், கரண்ட் வந்தால் மோட்டார் தானே ஓடிற்று. காயில் எரிந்தது, மோட்டார் புகைந்தது, உயிராபத்தும் இருந்தது. இதைப் பாமரர்களின் அறியாமை என்று எழுதிய அதிகாரிகள், நேரத்தைத் தீர்மானிக்கும் உரிமை வேறெங்கோ இருந்தபோது பாதுகாப்பின் செலவு மட்டும் விவசாயியின் தூக்கத்திலிருந்து பிடிக்கப்பட்டது என்பதைப் பார்க்கவில்லை.

காருக்குள் அந்தப் பொத்தான் இப்போது பெரும்பாலும் இல்லை. ஏர்பேக்கை விரிக்கும் மின்னணுப் பெட்டியே மோதலை உணர்ந்து எஞ்சின் கணினிக்குச் சொல்லி எரிபொருளைத் துண்டிக்கிறது, கதவுப் பூட்டுகளை விடுவிக்கிறது. இந்தியாவில் ஓட்டுநருக்கு ஏர்பேக் 2019இல் கட்டாயமாயிற்று. குண்டைவிட இது நுட்பமானது, பள்ளத்தையும் மோதலையும் பிரித்தறிகிறது, ஐயமில்லை. சில வண்டிகளில் சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி கிளம்பும். வேறு சிலவற்றில் கணினியில் பதிவான மோதல் குறிப்பை ஒர்க்‌ஷாப்பில் அழித்தால்தான் கிளம்பும். ரோட்டோர மெக்கானிக்கின் பதில் மாறிவிட்டது: 'ஸ்கேனர் போட்டாதான் சார் தெரியும்.' மோந்து பார்த்த மூக்குக்கும் அமுக்கிய விரலுக்கும் இனி சான்று மதிப்பு இல்லை. நிறுத்தும் கருவி செம்மையானபோது கிளப்பும் உரிமை வண்டியிலிருந்து இறங்கி நிறுவனத்தின் மேசைக்குப் போய்விட்டது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்ததால், ஒன்றுக்கு மற்றது விலை என்று நாமும் ஒத்துக்கொண்டுவிட்டோம். அந்த விலை தவிர்க்க முடியாததா என்று யாரும் கேட்கவில்லை.

கேட்காததன் விளைவைப் பாருங்கள். அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்குக் கார்க்கடன் கொடுத்தவர்கள் ஸ்டார்ட்டரைத் தொலைவிலிருந்தே முடக்கும் கருவியை வண்டியில் பொருத்தினார்கள். சுமார் 20 லட்சம் வண்டிகளில் அது இருப்பதாக 2014இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. தவணை சில நாள் தள்ளிப்போன ஒரு தாயின் கார், காய்ச்சல் கண்ட மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய நேரத்தில் கிளம்பவில்லை என்ற செய்தியும் அதில் இருந்தது. 1974இல் பெல்ட் போடச் சொன்ன கருவியைச் சட்டம் போட்டுத் துரத்திய அதே நாடு அது. இப்போது கருவி உயிரைக் காக்கச் சொல்லவில்லை, கடனைக் கட்டச் சொல்கிறது. வாங்கியவர் குரலற்றவர், ஆகவே அது தங்கிவிட்டது. இங்கேயும் மின்சார ஆட்டோவுக்குக் கடன் கொடுப்பவர்கள் தொலைவிலிருந்தே வண்டியை முடக்கும் வசதி வந்துவிட்டது. எரிபொருளைத் துண்டிப்பதும் எஞ்சினை மறுப்பதும் ஒயரிங்கில் அண்டை வீட்டுக்காரர்கள். பாதுகாப்புக்காகத் திறந்த வழியில் வட்டிக்காரரும் நுழையலாம்.

மறைமலைநகர் ஆலையும் நின்றது. இந்தியாவில் கார் தயாரிப்பதை விடுகிறோம் என்று ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தபோது நாடு முழுதும் சுமார் 4,000 தொழிலாளர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று சொல்லப்பட்டது. 2022இல் இழப்பீட்டுக்காகத் தொழிலாளர்கள் போராடினார்கள். அந்த ஆண்டிலேயே உற்பத்தி முடிந்தது. ஏற்றுமதிக்காக ஆலையை மறுபடி பயன்படுத்தப்போவதாக 2024இல் அறிவிப்பு வந்தது. நிறுத்தியதும் அமெரிக்கா, கிளப்புவேன் என்பதும் அமெரிக்கா. ஆயிரக்கணக்கான கார்களின் காலடியில் ரீசெட் பொத்தானைப் பொருத்திய கைகளுக்குத் தங்கள் ஆலையில் அப்படி ஒன்று இல்லை. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து விடியுமுன் கம்பெனி வேனில் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் இது தெரியும். 'நாளைலேர்ந்து வரவேணாம்' என்ற ஒரு வரி போதும்.

தானியங்கி நிறுத்தங்களை எதிர்ப்பதல்ல என் நோக்கம். மயங்கிக் கிடக்கும் ஓட்டுநருக்காகப் பம்பு தானே நிற்கத்தான் வேண்டும், அந்த இரும்புக் குண்டுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ஒவ்வொரு கருவியிடமும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டாக வேண்டும். எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதை யார், யாருடைய ரோட்டை வைத்து, யாருடைய உயிருக்கு என்ன விலை போட்டுத் தீர்மானித்தார்கள்? நின்றபின் அதைக் கிளப்ப யாரிடம் போய் நிற்க வேண்டும்? முதல் கேள்வியைப் பொறியாளர்களின் விஷயம் என்றும் இரண்டாவதைச் சட்டத்தின் விஷயம் என்றும் பிரித்துக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கி நிற்கிறோம். ஏரிவாரியத்தில் இடமில்லாமலே மதகைத் திறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு அசெம்பிளி லைனில் நிற்கிறார்கள், கடனில் ஆட்டோ ஓட்டுகிறார்கள். அந்தக் கேள்விகள் இரண்டும் அவர்களுடையவை. விடை சொல்லும் இடத்தில் அவர்கள் உட்காரும்வரை 'பாதுகாப்பு' என்ற சொல்லை நான் கொஞ்சம் மோந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொள்வேன்.